கோவிவன் முதல் டைகர் வரை: நாய்க்குப் பெயரிடும் மரபும் கண்காட்சி ஒழுக்கமும்

செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல்லில் இரண்டு எழுத்துப் பொறிப்புகள் உள்ளன. ஒன்று மனிதனுக்குரியது, மற்றது நாய்க்குரியது. மகேந்திரவர்ம பல்லவனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டு, அதாவது கி.பி. ஏழாம் நூற்றாண்டின் முற்பாதி. எருமைகளைக் கவர வந்தோருடன் பொருது இறந்துபட்ட கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரன் ஆயுதம் ஏந்தி நிற்கிறான். அவன் பின்னே ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் அருகிலேயே தனியாக ஒரு பொறிப்பு. கோவிவன் என்னும் நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியை அது சொல்கிறது. தமிழக அரசு தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட 'செங்கம் நடுகற்கள்' தொகுப்பு வழியாக இக்கல் ஆய்வுலகில் பரவலாக அறிமுகமாயிற்று.

தமிழில் பெயரோடு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நாய்களுள் கோவிவன் ஒன்று. அரசனின் நாய் அன்று அது. ஓர் எருமை மந்தையின் காவல் நாய். அதற்குப் பெயர் வைத்தவர்களும், அப்பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னவர்களும் மேய்ச்சல் நிலத்து மக்கள். ராசிபுரத்திலிருந்து சேலம், அரூர் வழியாக வடகிழக்கே போனால் அந்நிலம் வந்துவிடும். மண்ணும் முள்ளும் பாறையும் ஏறக்குறைய நம் பக்கத்தைப் போன்றவையே. ஆட்டுப்பட்டிக்கு நாய் காவல் இருப்பதும் இரு பக்கத்துக்கும் பொது.

இப்பெயரில் நம் கவனத்தை முதலில் ஈர்ப்பது அதன் ஈறு. 'ன்' என்பது உயர்திணை ஆண்பாலுக்குரிய ஈறு. நாயோ அஃறிணை. இலக்கணம் பயின்ற மாணவர்கள் இங்கே வழு என்று கைதூக்கக்கூடும். ஆனால் தொல்காப்பியர் இதற்கு முன்பே இடம் விட்டு வைத்திருக்கிறார். இரு திணைக்கும் பொதுவான விரவுப்பெயர்களைப் பெயரியலில் வகுக்கும்போது அவர் முதலில் வைப்பது இயற்பெயரைத்தான். உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் வழக்கமான சான்று 'சாத்தன்'. சாத்தன் என்றால் ஒரு மனிதனாகவும் இருக்கலாம், ஓர் எருதாகவும் இருக்கலாம்; வந்தான் என்றோ வந்தது என்றோ வினை வந்து முடிக்கும்போதுதான் திணை தெளிவாகும். இது வெறும் வகுப்பறை எடுத்துக்காட்டு அன்று என்றே நாம் கருதுகிறோம். வீட்டு விலங்குக்கு மனிதப் பெயரை இடும் வழக்கம் கண்முன் இருந்தாலன்றி இலக்கணகாரர்களுக்கு இந்த ஐயமே தோன்றியிராது. நன்னூலார் இன்னும் ஒரு படி மேலே போகிறார். உவப்பின் காரணமாக அஃறிணையை உயர்திணையாகச் சொல்வதை வழுவமைதியாக ஏற்கிறார்; பசுவை அம்மை என்று அழைத்து 'வந்தாள்' என முடிப்பது உரைகளில் காணும் சான்று. அன்பு மிகும்போது திணை நெகிழும் என்பதை இலக்கணமே ஒப்புக்கொண்ட இடம் இது.

பெயரிடுவதில் தமிழருக்கு இருந்த நுட்பத்தை மரபியலிலும் காணலாம். நாயின் இளமைப் பெயர் குருளை. பன்றிக்கும் புலிக்கும் முயலுக்கும் அதுவே. பெண் நாய் பிணவு. சங்கப் பாடல்களில் ஞமலி என்றும் ஞாளி என்றும் நாய் வருகிறது. ஆயினும் இவை எல்லாம் இனத்தின் பெயர்கள். தனி நாயின் பெயர் நம் பழம்பாடல்களில் இல்லை என்றே சொல்லலாம். வேட்டுவன் பின்னே ஓடும் நாய்கள் பலவற்றைப் புலவர்கள் கண்டிருக்கிறார்கள். எதனையும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. சோழனின் சிறையில் தண்ணீர் வேண்டிக் காத்திருந்த சேரமான் கணைக்கால் இரும்பொறை தன்னை எண்ணிக் கொண்டதும் சங்கிலியில் கட்டுண்ட, பெயரற்ற ஒரு ஞமலியாகத்தான். மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எடுத்த உவமையும் நாயே. யானை தன் பாகனையே கொல்லும், நாயோ எய்த வேல் உடலில் இருக்கும்போதும் எய்தவனுக்கு வாலைக் குழைக்கும் என்று நாலடியார் போற்றுகிறது. புகழும் இகழும் இப்படி நாய்க்கு நிறையவே உண்டு; பெயர்தான் இல்லை. மகாபாரதத்தில் தருமனைக் கடைசிவரை பின்தொடர்ந்து விண்ணுலக வாயில்வரை சென்ற நாய்க்கும் பெயர் இல்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

புலவர்கள் செய்யாததைக் கல்தச்சர்கள் செய்தார்கள். கோவிவனுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் கன்னட நாட்டில் இன்னொரு கல் எழுந்தது. மண்டியா மாவட்டத்து ஆதகூரில் நிறுவப்பட்டு இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கும் அக்கல் கி.பி. 949-50 காலத்தது. தமிழ் வாசகருக்கு அது வேறொரு வகையில் அறிமுகமானது: முதற் பராந்தகனின் மகன் இராசாதித்தன் உயிரிழந்த தக்கோலப் போரைப் பற்றிய முதன்மைச் சான்றுகளுள் அதுவும் ஒன்று. கங்க மன்னன் பூதுகனின் வீரன் மணலேரன், தனக்குப் பரிசாக ஊரையோ பொன்னையோ கேட்காமல் காளி என்ற வேட்டைநாயைக் கேட்டுப் பெற்றான். அந்நாயைக் காட்டுப்பன்றி ஒன்றின்மேல் ஏவ, இரண்டும் ஒன்றையொன்று கொன்று மாண்டன. காளிக்காகக் கல் நாட்டி நிலமும் விட்டார்கள். அந்நிலத்தைப் பராமரிப்பவன் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் நாய் செய்த பாவம் அவனைச் சேரும் என்றும் எழுதி வைத்தார்கள். பேரரசுகள் மோதிய ஒரு போரின் செய்தியும் ஒரு நாயின் சாவும் ஒரே கல்லில் இடம்பெற்றிருப்பதை வரலாற்று மாணவர்கள் வியப்போடு குறிப்பிடுவார்கள். நமக்கோ அந்தப் பெயரே வியப்பு. தெய்வத்தின் பெயரை நாய்க்கு இடுவதில் அக்காலத்தவருக்குக் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. காளம் என்றால் கருமை; நிறத்தால் வந்த பெயராகவும் இருக்கலாம் என்று ஒருவர் வாதிடலாம். அப்படியே கொண்டாலும் அழைக்கும்போது காதில் விழுவது அம்மன் பெயர்தானே.

பெயர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குப் பழங்கிரேக்கரிடம் எழுதப்பட்ட விதியே உண்டு. சாக்ரடீசின் மாணவரான செனபோன் தம் வேட்டை நூலில், நாய்ப் பெயர் குறுகியதாக, எளிதில் கூவத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சொல்லி நாற்பதுக்கும் மேற்பட்ட பெயர்களைப் பட்டியலிடுகிறார். உரோமானிய வேளாண் நூலாசிரியர் கொலுமெல்லாவும் ஈரசைக்குக் குறையாமல், நீளாமல் இருக்கட்டும் என்கிறார். நம்மூர் மணி, ராமு, டாமி, ஜிம்மி எல்லாமே இவ்விதிக்குள் அடங்கிவிடுகின்றன. கொலுமெல்லாவைப் படித்துத்தான் இப்படிப் பெயரிட வேண்டும் என்பதில்லை. வயலின் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குக் கூவிப் பார்த்தவனுக்கு இது தானே விளங்கும்.

இங்கேதான் நாய்க் கண்காட்சி குறுக்கிடுகிறது. நாய்ப் பெயரின் வரலாற்றில் அது உண்டாக்கிய மாற்றம் பெரிது. கண்காட்சி ஒழுக்கம் என்று இன்று நாம் காண்பவற்றுள் பலவும் அந்த மாற்றத்தோடு தொடர்புடையவை.

இன்றைய வகையிலான முதல் நாய்க் கண்காட்சி என்று பொதுவாகக் கொள்ளப்படுவது 1859 ஜூனில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் நடந்தது. பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வேட்டை வகைகள் மட்டுமே அதில் போட்டியிட்டன, பரிசு துப்பாக்கி. அடுத்த சில ஆண்டுகளில் கண்காட்சிகள் பெருகின, அவற்றோடு குழப்பமும் பெருகிற்று. எங்கு பார்த்தாலும் பாப், ஸ்பாட், ஜெட் என்றே நாய்கள். சென்ற ஆண்டு பரிசு பெற்ற பாப் இந்தப் பாப்தானா, வேறு பாப்பா என்று எவராலும் சொல்ல இயலவில்லை. ஆள்மாறாட்டத்துக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியதும், மறு ஆண்டே வம்சாவளிப் பதிவேடு அச்சானதும், 1880இல் எல்லா நாய்களுக்கும் பெயர்ப்பதிவு முறை கொண்டுவரப்பட்டதும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. என் நாய்க்குப் பெயர் வைக்க உன் அனுமதி எதற்கு என்பது நியாயமான கேள்விதானே.

அன்று முதல் கண்காட்சி நாய்க்கு இரண்டு பெயர்கள். ஒன்று பதிவேட்டுப் பெயர்: வளர்ப்பவரின் பண்ணைப் பெயரை முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ தாங்கிய நீண்ட பெயர். மற்றது வீட்டில் கூப்பிடும் பெயர். நம் வீட்டுக் குழந்தைகளுக்குச் சான்றிதழில் ஒரு பெயரும் அடுக்களையில் ஒரு பெயரும் இருப்பது போலத்தான். பின்னர் விதிகள் நாட்டுக்கு நாடு வளர்ந்தன. பிரான்சில் ஒவ்வோர் ஆண்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. அவ்வாண்டு பிறந்த குட்டிகளின் பெயர் அவ்வெழுத்தில் தொடங்க வேண்டும். 2024க்கு 'வி' ஒதுக்கப்பட்டது. 2025இல் சுற்று மீண்டும் 'ஏ'யிலிருந்து தொடங்கிற்று. பெயரைக் கேட்டே வயதைக் கணித்துவிடலாம். நம் நட்சத்திரப் பாதங்களுக்குரிய பெயரெழுத்து முறையை நினைவூட்டுகிறது இது. அமெரிக்கக் கழகம் ஓர் இனத்தில் முப்பத்தேழு நாய்கள்வரை ஒரே பெயரைச் சூட அனுமதித்து, உரோமானிய எண்களால் அவற்றைப் பிரித்தறிகிறது. ஜார்ஜ் மன்னர்களுக்குக்கூட அத்தனை எண் தேவைப்படவில்லை!

இவ்வளவு பாடுபட்டுக் காத்த பெயர் போட்டிக் களத்தினுள் ஒலிக்கக் கூடாது என்பதுதான் கண்காட்சி ஒழுக்கத்தின் விநோதம். களத்தில் நாயைக் கொண்டு வருபவரின் இடக்கையில் ஓர் எண் அட்டை இருக்கும். நடுவருக்குத் தெரிய வேண்டியது அந்த எண் மட்டுமே. பெயர்களும் பெற்றோர் விவரமும் அச்சிட்ட கையேட்டை நடுவர் தீர்ப்புக்கு முன் பார்ப்பது முறையன்று. நாயைக் கையாளுபவர் தாமாக நடுவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வயது கேட்டால் வயதைச் சொல்லலாம். இது இன்ன சாம்பியனின் மகன், சென்ற மாதம் இன்ன ஊரில் வென்றது என்று பெருமை பேசுவது பண்பாகாது. தன் உடலால் நாயை மறைக்காமல், தனக்கும் நடுவருக்கும் இடையில் அது எப்போதும் தெரியுமாறு பிடித்துச் செல்ல வேண்டும். முன்னே ஓடும் நாயை நெருங்கி மிரட்டக் கூடாது. நடுவர் பல்லைப் பார்க்கும்போதும் முதுகில் கை வைக்கும்போதும் உறுமாமல் நிற்க நாயை முன்பே பழக்கியிருக்க வேண்டும். தோற்றால் வென்றவரின் கையைக் குலுக்கிவிட்டு வெளியேற வேண்டும். நாயின் கழிவை அப்புறப்படுத்துவதும் உடையவர் பொறுப்பு. பார்வையாளருக்கும் ஒழுக்கம் உண்டு: முடி சீவி ஒப்பனை முடித்து நிற்கும் நாயைக் கேளாமல் தொடாதிருப்பது, தின்பண்டம் நீட்டாதிருப்பது.

இவற்றுள் நம்மைக் கவர்ந்தது இன்னொரு தடை. களத்துக்கு வெளியே நின்றுகொண்டு நாயின் வீட்டுப் பெயரைக் கூவுவது பல நாடுகளில் விதிமீறல். தன்னை வளர்த்தவர் குரல் கேட்டதும் சோர்ந்து நிற்கும் நாயும் காது விறைத்து, கழுத்து நிமிர்ந்து அழகாகிவிடும். அது நேர்மையற்ற உதவி. ஜெர்மன் ஷெப்பர்டு வளர்ப்போர் நடத்தும் காட்சிகளில் மட்டும் இவ்வழக்கம் வெளிப்படையாகவே தொடர்வதுண்டு. உடையவர் வேலிக்கு வெளியே பெயரைக் கூவியபடி ஓட, உள்ளே நாய் அவரைத் தேடித் துள்ளி ஓடும். ஒரு பெயருக்கு உடலையே மாற்றும் ஆற்றல் உண்டு என்பதற்கு அத்தடையைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் இந்த ஒழுக்கங்கள் வந்திறங்கிய இடம் மலை. தென்னிந்திய கென்னல் கிளப் உதகையில் நடத்தும் நாய்க் கண்காட்சி வெள்ளையர் காலத்திலிருந்து வருவது. கோடை விழாக் கூட்டத்துக்கு மலர்க் கண்காட்சி போல அதுவும் ஓர் ஈர்ப்பு. கொடைக்கானலிலும் உண்டு. பதிவுகளைக் கவனிக்கும் இந்திய கென்னல் கிளப்பின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. ஆனால் நெடுங்காலம் அக்களங்களில் ஓடியவை பெரும்பாலும் அயல்நாட்டு இனங்கள். நம் கரிசல் நிலத்து வேட்டைநாய்கள் பதிவேட்டுக்கு வெளியேதான் நின்றன.

அவற்றின் பெயர்களைப் பாருங்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை: மூன்றும் ஊர்கள். நாயை ஊரால் அறிந்தோம். தனி நாயை அறிந்தோமில்லை. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அவற்றுள் ஒன்றாக இருந்தது. சு. தியடோர் பாஸ்கரன் போன்றோர் நாட்டு நாயினங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதி வந்தனர்; அவருடைய இந்திய நாய்கள் பற்றிய ஆங்கில நூல் 2017இல் வந்தது. 2020இல்தான் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபணு வள அமைப்பின் இனப்பதிவைப் பெற்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமரின் வானொலி உரையிலும் இவற்றின் பெயர்கள் ஒலித்தன. மகிழ்ச்சிதான். எனினும் இனம் பதிவாவது வேறு, நாய் பதிவாவது வேறு. தாய் யார், தந்தை யார், பாட்டன் எந்த ஊர் என்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பெயரோடு எழுதி வைத்தால்தான் வம்சாவளி. வளர்ப்போர் நினைவில் மட்டுமே இருந்த வம்சங்கள் அவர்களோடு போயின. வெள்ளை ராஜபாளையங்களில் பிறவிச் செவிடு வருவது தெரிந்த குறை. எந்த ஈற்றில், எந்தக் கலப்பில் அது வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டுமானால் அங்கும் பெயர்கள் வேண்டும். செவிட்டுக் குட்டிக்கு அதன் பெயர் ஒருநாளும் கேட்கப்போவதில்லை என்றாலும், அடுத்து வரும் குட்டிகளைக் காக்க அப்பெயர் ஏட்டில் இருந்தாக வேண்டும்.

இனி நம் தெருவுக்கு வருவோம். ராசிபுரத்துக்கும் நாய்ப் பெயருக்கும் இலக்கியத் தொடர்பு ஒன்று உண்டு. ஆர்.கே. நாராயண் என்பதில் உள்ள 'ஆர்' ராசிபுரம்தான். 1982இல் வெளியான 'மால்குடி டேஸ்' தொகுப்பில் 'அட்டிலா' என்றொரு கதை இருக்கிறது. திருட்டுப் பயத்தால் நாய் வாங்கிய குடும்பம், ஐரோப்பாவை நடுங்க வைத்த ஹூண மன்னனின் பெயரை அதற்கு இடுகிறது. அதுவோ வளர்ந்து ஊரார் எல்லோரையும் நேசிக்கிறது. வீட்டில் புகுந்த திருடனையும் நேசித்து அவன் பின்னாலேயே ஓடுகிறது, கடைசியில் அந்த நேசத்தாலேயே அவன் பிடிபடுகிறான். பெயரைக் கொண்டு குணத்தை வரவழைக்க முடியாது என்பதை இவ்வளவு சிரிப்போடு சொன்ன கதை வேறில்லை.

அட்டிலா, சீசர், டைகர் என்று அயற்பெயர்களை நாம் நாடுவதை ஆங்கில மோகம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிடுவோர் உண்டு. நம் கருத்து வேறு. எம் மாணவர்களிடம் வீட்டு நாயின் பெயரைக் கேட்டபோது ஒன்று புலப்பட்டது: தமிழ்ப் பெயர் வைப்பதில் ஆபத்து இருக்கிறது. வீட்டுப் பெரியவர் பெயரை வைக்க இயலாது. மாமனார் பெயரை வாயால் சொல்லாத மருமகள் நாயை எப்படி அழைப்பாள்? பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்றால் வம்பு. குலதெய்வத்தின் பெயர் என்றால் அபசாரம். சில பெயர்கள் சில சாதியாருக்கு மட்டுமே உரியவையாக அறியப்பட்ட ஊரில், அப்பெயரைத் தெருவில் உரக்கக் கூவி, 'ச்சீ, போ' என்று விரட்டினால் அது யாரைச் சுடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சுடட்டும் என்றே அப்படிப் பெயர் வைப்போரும் உண்டு. ஜிம்மிக்கும் டாமிக்கும் இந்தத் தொல்லை இல்லை. அவை ஊரில் எவருடைய பாட்டன் பெயரும் அல்ல. ஆங்கிலப் பெயர் இங்கே ஒரு மரியாதை ஏற்பாடு. எவரையும் புண்படுத்தாமல் நாயை அழைக்க ஊர் கண்டுபிடித்த வழி. தமிழில் அதே இடத்தை நிரப்பியவை நிறப்பெயர்கள்: கருப்பன், செவலை, வெள்ளையன். அவற்றிலும் கருப்பன் சாமிப் பெயராக இருப்பதால் சில வீடுகளில் தயக்கம் உண்டு. 'மணி' மட்டும் எப்படியோ எல்லாத் தடைகளையும் தாண்டிவிட்டது. மணி என்ற பெயருடைய மனிதர்கள் தெருவுக்கு நால்வர் இருந்தும், அவர்கள் இதைப் பெருந்தன்மையோடு பொறுத்துக்கொள்கிறார்கள்.

எருமை மேய்த்த எடுத்தனூரார் 'ன்' ஈற்றுப் பெயரை நாய்க்கு வைத்தபோது அவ்வூரில் எவர் முகமும் சுருங்கவில்லையா என்று நாம் யோசித்ததுண்டு. கல்லில் வெட்டும் அளவுக்கு அது ஏற்கப்பட்டிருக்கிறது என்பது மட்டும் உறுதி.

பெயரே இல்லாத நாய்களும் எம் மாணவர்கள் பட்டியலில் இருந்தன. தோட்டத்தில் கட்டாமல் திரிபவை. உங்கள் நாயை எப்படித்தான் கூப்பிடுவீர்கள் என்று கேட்டோம். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி, 'தோ... தோ... அப்படின்னா வந்துரும் ஐயா' என்றாள்.